கலியன் ரசிகர் மன்றம், கம்பெனி பஸ் கிளை

சினிமா நடிகருக்கு ரசிகர் மன்றம் வைத்தவர்கள் உண்டு. கிரிக்கெட் ஆட்டக்காரருக்கு வைத்தவர்களும் உண்டு. கம்பெனியில் ஃபிட்டர் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் மைக்கைப் பிடித்து ஜோக் சொல்கிற ஒருவனுக்கு மன்றம் வைத்த புண்ணியவான்கள் யாரென்று கேட்டால், பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் அந்த ஒரு கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள்தான். மன்றத்துக்கு ஆபீஸ் கிடையாது, கொடி கிடையாது, சந்தா கிடையாது. பஸ்ஸில் சீட் கிடைத்தால் உறுப்பினர், நின்றுகொண்டு வந்தாலும் உறுப்பினர். தலைவர் டிரைவர் சுப்பராயன். பஸ்ஸே அவர் கையில் இருக்கும்போது வேறு யாரைத் தலைவராகப் போடுவது?

செயலாளர் ஆரிபா. பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி அசன் முகைதீனின் மகள். மூடி தயாரிக்கும் பகுதியில் தரம் பார்க்கும் வேலை. அவள் வீட்டில் சம்பளத்துக்குப் போன முதல் பெண் அவள்தான். சேர்ந்த புதிதில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஜன்னலோரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ, பொன்னேரியில் ஏறிய கலியன் படியில் நின்றபடியே என்னவோ சொல்ல, அவளுக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டு ஆரோக்கியமேரி, "ஐய, உனுக்குச் சிரிக்கத் தெரியுமாடி?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் வேலை ஆரிபாவுக்குப் பிடித்துப்போனது. அந்த நன்றி அவளுக்குக் கடைசிவரை இருந்தது.

பஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. கலியன் எந்த ஜோக்கையும் முதலில் பஸ்ஸில்தான் சொல்வான். முதல் நாள் இழுத்துச் சொல்வான், மறுநாள் வெட்டிச் சொல்வான், பிறகு இடம் மாற்றிச் சொல்வான். அது ஒரு பக்குவத்துக்கு வந்ததும், கடைசி வரிக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்பான். பஸ் மொத்தமும் சேர்ந்து அந்த வரியைச் சொல்லும். சுப்பராயன் ஹாரன் அடிப்பார். ஜோக் தேறிவிட்டது என்று அர்த்தம். இந்தச் சடங்கு முடியாமல் கவரைப்பேட்டையைத் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை.

உதாரணத்துக்கு அவனுடைய காற்று ஜோக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

"எங்க ஊர்ல காத்து கலர் கலரா வரும்ங்க. கருப்பா வந்தா இரும்பு கம்பெனி, மஞ்சளா வந்தா மருந்து கம்பெனி. ஒரு நாள் காலீல எயுந்து பாக்கறேன், காத்து சும்மா சுத்தமா ஜில்லுனு வருது. எங்கம்மா வாசல்ல குந்திக்கினு அயுவுது..."

இங்கே நிறுத்துவான். நாற்பது சொச்சம் குரல்கள் கிளம்பும்: "கலியா, கம்பெனிய மூடிட்டாங்களாடா!"

அவனைப் பற்றிப் பேப்பரில் முதலில் வந்தது இரண்டே வரி. பொன்னேரியில் ஏதோ சங்கத்து விழாவில் "நகைச்சுவை நிகழ்ச்சியும் நடைபெற்றது" என்று மாவட்டப் பக்கத்தின் அடியில் போட்டிருந்தார்கள். கூடவே ஒரு படம். படத்தில் சிறப்பு விருந்தினர் பொன்னாடையோடு சிரித்துக்கொண்டிருந்தார், ஓரத்தில் கலியனுடைய முழங்கை தெரிந்தது. அது போதாதா? ஆரிபா அதை வெட்டி லேமினேட் செய்து கொண்டுவந்தாள். சுப்பராயன் தன் தலைக்கு மேலே, அம்மன் படத்துக்கும் வேளாங்கண்ணி மாதாவுக்கும் மக்கா படத்துக்கும் பக்கத்தில் ஒட்டினார். புதிதாக ஏறுகிறவர்களிடம், "இது யார் கைன்னு தெரியுதா?" என்று கேட்பது மன்றத்தின் முக்கியப் பணி.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு தனியார் சேனல் 'கலகல மேடை' என்று ஒரு போட்டி ஆரம்பித்தது. ஊர் ஊராக ஜோக் சொல்கிறவர்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கலியன் போனான், முதல் சுற்றில் தேறினான், இரண்டாவதிலும் தேறினான். 'வண்ணத்திரள்' வாரப் பத்திரிகை, "சிப்காட்டிலிருந்து ஒரு சிரிப்பு" என்று கால் பக்கம் எழுதியது. இந்தத் தடவை முழு முகமும் வந்திருந்தது. ஆரோக்கியமேரி பஸ்ஸில் மைசூர்பாகு கொடுத்தாள். அந்த வாரம் முழுக்கக் கலியனை யாரும் நின்றுகொண்டு வர விடவில்லை.

அரையிறுதிக்குப் போட்டியாளர்கள் தங்கள் ஊர்க்காரர்களை அழைத்து வரலாம் என்று சேனல் சொன்னது. கலியன் பஸ்ஸின் நடுவில் நின்று, "அல்லாரும் வர்றீங்க. நீங்க இல்லாம எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது" என்றான். ஆரிபா ஓடாத இடமெல்லாம் ஓடினாள். மேனேஜரிடம் பேசிப் பஸ்ஸை வாங்கினாள். விடுப்புக்கு ஆள் ஆளாகக் கையெழுத்து வாங்கினாள். "ஜோக்கு கேக்கறதுக்கு ஒரு பஸ்ஸாடி?" என்று வீட்டில் அத்தா அசன் முகைதீன் முறைத்தார். முறைத்தவரே, அன்றைக்குக் காலையில் வழியில் சாப்பிட ஒரு கூடை நாஷ்டா கட்டிக் கொடுத்தார்.

வளசரவாக்கத்தில் அந்த ஸ்டூடியோ. ஏசி குளிரில் பல் கிடுகிடுக்க மன்றம் மூன்று வரிசை பிடித்து உட்கார்ந்தது. மற்ற வரிசைகளில் மற்ற போட்டியாளர்களின் ஆட்கள். நடுவர்கள் எதிரே. கலியன் புதுச் சட்டையில் மேடையேறினான்.

அவன் காற்று ஜோக்கை எடுத்தான். அழகாகக் கொண்டுபோனான். கருப்புக் காற்று, மஞ்சள் காற்று, சுத்தக் காற்று, வாசலில் அழுகிற அம்மா. அங்கே பழக்க தோஷத்தில் நிறுத்தினான்.

மூன்று வரிசையும் ஒரே குரலில் கத்தியது: "கலியா, கம்பெனிய மூடிட்டாங்களாடா!"

அரங்கமே திரும்பி இவர்களைப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. மேடையில் கலியன் வாயைத் திறந்தபடி நின்றான், சொல்வதற்கு அவனிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. அடுத்து சேப்டி ஆபீசர் ஜோக். அதிலும் நிறுத்தினான், அதையும் இவர்களே சொன்னார்கள். ஆரிபாவும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் இருந்தவர்களை அமர்த்தப் பார்த்தாள். எங்கே அமர்த்துவது? பின் வரிசையிலிருந்து சுப்பராயன் வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஜோக்கில் கலியன் சுதாரித்துக்கொண்டு கடைசி வரியை மாற்றினான். இவர்கள் பழைய வரியைச் சொல்ல, அவன் புது வரியைச் சொல்ல, இரண்டும் மோதி எதுவும் யார் காதிலும் விழவில்லை.

நடுவராக இருந்த பழைய நாடகக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "தம்பி, காமெடி நீங்க பண்றீங்களா, அவங்க பண்றாங்களா?"

அன்றைக்குச் சிரிப்பு வந்தது அந்தக் கேள்விக்கு மட்டும்தான். கலியன் வெளியேற்றப்பட்டான். திரும்பி வரும்போது சுப்பராயன் ஹாரனையே தொடவில்லை. கலியன் பஸ்ஸிலேயே இல்லை, டவுன் பஸ் பிடித்துப் போய்விட்டான்.

அடுத்த வார 'வண்ணத்திரள்' வந்தது. "கற்றுக்கொடுத்துக் கூட்டிவந்த கூட்டம்" என்று தலைப்பு. ஆட்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, கத்த வைத்து நடுவர்களை ஏமாற்றப் பார்த்த சிப்காட் காமெடியன் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் பெயர் ஸ்ரீப்ரியா. ஆரிபா அதைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தாள். அழுகை வந்தது. அழுதாள். அவன் ஏமாற்றுக்காரன் என்று நாடே படிக்கப்போகிறது, அதைச் செய்தது நாம்தான் என்று அவளுக்கு ஆறவே இல்லை.

கலியன் இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டான். பஸ்ஸில் படிக்கட்டு காலியாக இருந்தது. மேடைக்குக் கூப்பிட்ட சங்கத்துக்காரர்களிடம்கூட, "விட்டாச்சுங்க" என்று சொல்லிவிட்டானாம். அவன் இனி மைக்கைத் தொடவே மாட்டான் என்று ஆரோக்கியமேரிதான் கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

மன்றம் அவசரமாகக் கூடியது, அதாவது பஸ் பொன்னேரியைத் தாண்டியது. பத்திரிகை ஆபீஸ் முன்னால் மறியல் செய்யலாம் என்றார் ஒருவர். பத்திரிகையைக் கொளுத்தலாம் என்றார் இன்னொருவர். "கொளுத்தணும்னா நாமதான் காசு குடுத்து வாங்கணும். அவங்களுக்கு வியாபாரம்" என்றாள் ஆரோக்கியமேரி. சுப்பராயன், "பேஜாராப் போச்சு நைனா" என்று கியரை மாற்றினார். ஆரிபா எழுந்து நின்றாள்.

"எழுதுனவங்க நம்மளப் பாத்ததே அந்த ஒரு தபாதான். ஒரு நாளு நம்ம பஸ்ல வரச் சொல்றேன்" என்றாள்.

"வருவாங்களா?"

"கேட்டாத்தான தெரியும்."

பத்திரிகையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். மூன்று பேர் மாறி மாறிப் பேசி, நான்காவதாக ஸ்ரீப்ரியா வந்தார். "மேடம், அந்தக் கூட்டத்துல கத்துனவங்கள்ல நானும் ஒருத்தி. எங்களுக்கு யாரும் கத்துக் குடுக்கல மேடம். ஒரு நாளு வந்து பாருங்க. பாத்துட்டு அப்பறம் இன்னா வேணா எழுதுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னாள். "பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டார் ஸ்ரீப்ரியா.

திருவள்ளூர்க்காரர் அவர். கோயில் வேலை பார்க்கும் குடும்பம். விடியற்காலையில் எழும் பழக்கம் இருந்ததால் பொன்னேரியில் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். ஆரிபா ஜன்னலோரத்தை விட்டுக் கொடுத்தாள். முழங்கைப் படத்தைக் காட்டினாள். கடைசி வரி வழக்கத்தைச் சொன்னாள்.

"எங்க, ஒண்ணு சொல்லிக் காட்டுங்க" என்றார் ஸ்ரீப்ரியா.

அங்கேதான் வந்தது வினை. ஆரோக்கியமேரி எழுந்து காற்று ஜோக்கை ஆரம்பித்தாள். கருப்பை முதலில் சொல்வதா மஞ்சளை முதலில் சொல்வதா என்று தடுமாறினாள். "அம்மா அயுவுது"வை முன்னாலேயே சொல்லிவிட்டாள். பின் சீட்டிலிருந்து ஒருவர் திருத்த வந்து, சுத்தக் காற்றையே மறந்துவிட்டார். ஆரிபா எடுத்துப் பார்த்தாள். அவள் சொன்னபோது அது சுற்றுச்சூழல் பாடம் மாதிரி இருந்தது. கடைசி வரி மட்டும் பஸ் மொத்தமும் சுத்தமாகச் சொன்னது. அந்த வரி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதுவரைக்கும் எப்படி வந்து சேர்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஸ்ரீப்ரியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கத்துக் குடுத்திருந்தா இவ்ளோ மோசமா சொல்லமாட்டீங்க" என்றார். பிறகு முகம் மாறி, "நான் வந்து பாத்துட்டு எழுதியிருக்கணும்" என்றார்.

அடுத்த இதழில் ஒரு முழுப் பக்கம் வந்தது. பஸ்ஸைப் பற்றி, வழக்கத்தைப் பற்றி, தான் அவசரப்பட்டதைப் பற்றி எல்லாம் இருந்தது. சேனலிலிருந்து கலியனுக்குப் போன் வந்தது. வெளியேறியவர்களுக்கு வைல்ட் கார்டு என்று ஒரு சுற்று வைக்கிறார்கள், வரச் சொன்னார்கள். அவன் முடியாதென்று சொல்லிவிட்டான்.

இது தெரிந்ததும் ஆரிபா சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி கேட்டுக்குப் போனாள். இரண்டாவது ஷிப்டு உள்ளே வரும் நேரம். கலியன் அவளைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பப் பார்த்தான், அவள் குறுக்கே போய் நின்றாள்.

"கலியண்ணா, தப்பு எங்களோடது. அடிக்கணும்னாலும் அடிச்சிருங்க. மேடைக்குப் போவமாட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"உங்க தப்பு இன்னாம்மா கீது? நிறுத்துனவன் நான்தான?" கலியன் சாப்பாட்டுப் பையைக் கை மாற்றிக்கொண்டான். "அன்னிக்கு அங்க நிக்கசொல்ல ஒண்ணு தோணுச்சு. இத்தினி வருசமா நான் சொல்றது நல்லா இருக்குதுன்னு சிரிச்சாங்களா, நம்ம கலியன்தானன்னு சிரிச்சாங்களா? எனக்கே தெரில. அது தெரியாம எப்டிம்மா போய் நிக்கறது?"

உண்மையைச் சொன்னால் அவளுக்கும் தெரியாது. அதை நினைக்க வலித்தது.

"தெரியணும்னா ஒரே வழிதாண்ணா" என்றாள் ஆரிபா. "நாங்க கேக்காத ஜோக்கு சொல்லுங்க. எங்கள இஸ்துக்கினு போவாதீங்க. தெரியாதவங்க சிரிக்கறாங்களான்னு பாருங்க."

"பஸ்ல சொல்லாமயா?"

"பஸ்ல சொல்லாமதான்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். சங்கு ஊதியது. உள்ளே போகும்போது திரும்பி, "நீ மட்டும் வா. பின்னாடி குந்து. வாயத் தொறக்கக் கூடாது" என்றான்.

"வருவேன்" என்றாள் ஆரிபா. சொல்லிவிட்டாளே தவிர, பஸ்ஸில் இதை விளங்கவைக்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. செயலாளருக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயமா என்று சண்டை வந்தது. சுப்பராயன்தான், "அவன் நல்லா இருந்தா போதும் நைனா, நான் ஊட்டாண்டயே குந்திக்கினு டிவில பாத்துக்கறேன்" என்று பேச்சை முடித்தார்.

வைல்ட் கார்டு சுற்று அன்றைக்கு ஸ்டூடியோவில் ஆரிபா ஸ்ரீப்ரியாவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன்னால் இருந்தவர்களில் ஒருவரையும் தெரியாது. கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர். கலியன் வந்து நின்றபோது அவர்கள் கை தட்டக்கூட இல்லை. ஆரிபா துப்பட்டாவைச் சுருட்டி வாயோடு வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு ரசிகர் மன்றம் கீதுங்க" என்று ஆரம்பித்தான். "ஒரு பஸ்ஸு நெறைய ஆளு. நான் எங்க போனாலும் பின்னாலயே வருவாங்க. போன மாசம் பொண்ணு பாக்கப் போனேன், தனியாத்தான் போனேன். திரும்பிப் பாத்தா பஸ்ஸு நிக்குது."

நாலைந்து பேர் லேசாகச் சிரித்தார்கள்.

"பொண்ணோட அப்பா கேக்கறாரு, 'தம்பி இன்னா வேல?' நான் வாயத் தொறக்கல, நாப்பது பேரு: 'ஃபிட்டர்!' 'இன்னா படிப்பு?' நாப்பது பேரு: 'ஐ.டி.ஐ.!' 'பொண்ண புடிச்சிக்கிதா?' 'புடிச்சிக்கிது!' ஏம்பா, பொண்ணு இன்னும் வெளியவே வரலியேப்பா!"

இப்போது நன்றாகவே சிரித்தார்கள். ஆரிபாவுக்கு வெட்கமும் சிரிப்புமாக முகம் சூடானது. அவனுடைய பேச்சில் அவள் கேட்டறியாத ஒரு நிதானம் இருந்தது.

"அப்பறம் அவரு என்னப் பாத்தாரு. பஸ்ஸப் பாத்தாரு. கடைசியா ஒண்ணு கேட்டாருங்க. 'மாப்ளைக்குக் கெட்ட பயக்கம் எதுவும் இல்லியே?'"

நிறுத்தினான்.

அடுத்த வரி ஆரிபாவுக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவனுடைய ஜோக்கில் அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அரங்கில் ஒரு சத்தம் இல்லை. மறந்துவிட்டானோ? பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறானோ? யா அல்லா, சொல்லிவிடு கலியண்ணா என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். கலியன் அவசரப்படவில்லை. கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லப் பார்த்தான்.

"அன்னிக்குத்தாங்க மொத தபா... ஒருத்தனும் வாயத் தொறக்கல."

அரங்கம் வெடித்தது. கல்லூரிப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பழைய நாடகக்காரர் மேசையைத் தட்டினார். அவனை இதற்கு முன் பார்த்தே இராதவர்கள், அவன் கலியன் என்பதற்காகச் சிரிக்க ஒரு காரணமும் இல்லாதவர்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆரிபாவும் சிரித்தாள். துப்பட்டா நழுவி விழுந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, அவள் துடைத்துக்கொள்ளவே இல்லை. மேடையில் கலியன் கடைசி வரிசைப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய தேவை அவனுக்கு இல்லை. அது அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது.

வெளியே வந்ததும் போன் அடித்தது. ஆரோக்கியமேரி. ஷிப்டு முடிந்து பஸ் தச்சூர் கூட்டு ரோட்டில் ஓரங்கட்டி நிற்கிறதாம். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். நாற்பது பேரின் மூச்சு கேட்டது.

"இன்னாடி ஆச்சு?"

"தேறிட்டாரு. பைனல்ஸ்."

பஸ் ஹாரன் காதைப் பிளந்தது. கொஞ்ச நேரம் ஒருவர் பேசுவதும் விளங்கவில்லை. சத்தம் அடங்கியதும் ஆரோக்கியமேரி கேட்டாள்.

"இன்னா ஜோக்குடி சொன்னாரு? கடைசி வரி மட்டும் சொல்லு."

ஆரிபாவுக்கு அது நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் பஸ்ஸே உருண்டு சிரிக்கும், அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெயம டிவில வரும். பாத்துக்கோங்க."

"ஏய், சொல்லுடி! நாங்க யாரு, வேத்து ஆளுங்களா?"

"ஒரு தபா வேத்து ஆளுங்களாட்டம் பாருங்க. நல்லா கீது" என்றாள்.

"நீயெல்லாம் ஒரு செயலாளராடி?" என்று கத்தினாள் ஆரோக்கியமேரி. பின்னால் பஸ் மொத்தமும் கத்தியது.

"செயலாளரா இருக்கறதாலதான்டி சொல்லல" என்று சொல்லிவிட்டு ஆரிபா போனை வைத்தாள்.